சுண்ணாம்பு தடவாத சிகாகோ

எங்கள் வீட்டில் பதநீர் வாங்கினால் உடனே குடித்துவிட முடியாது. என் மனைவி பிரமு தம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். அடியில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு, "இருக்கு, இருக்கு. அமெரிக்காக்காரன் கோடாலியத் தூக்கிட்டு வரமாட்டான். குடிங்க" என்று அனுமதி கொடுப்பாள். கல்யாணமான பதினேழாம் நாள் இதை முதல் தடவை சொன்னாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பதநீர்ப் பருவத்திலும் சொல்கிறாள். மொத்தம் எத்தனை தடவை என்று எண்ணாமல் விட்டுவிட்டேன். அந்த வருத்தம் எனக்கு உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமையும் வாங்கி வந்தேன். எங்கள் அடுக்குமாடி வாசலிலிருந்து வேப்பமரத்தடிப் பதநீர்க்காரர் வரை இருநூற்றுப் பன்னிரண்டு அடி. திரும்பும்போது இருநூற்றுப் பத்தொன்பது. அந்த ஏழு அடி எங்கே கூடுகிறது என்று மூன்று வருஷமாகப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. "பட்டையில ஊத்தும்" என்றேன். பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் குடித்தால்தான் அது பதநீர். "ஓலைக்கு எங்கன போவேன் அண்ணாச்சி? பாட்டில்லதான் தரமுடியும்" என்றார். யாரோ தண்ணீர் குடித்துவிட்டுப் போட்ட பாட்டில். கழுவினீரா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது அவர் அடுத்த ஆளுக்கு ஊற்றத் திரும்பிவிட்டார்.

கங்கைகொண்டானில் வேலை பார்க்கும் பேரன் அன்று வந்திருந்தான். பிரமு தம்ளரைத் தூக்கிப் பிடித்து அமெரிக்காக்காரனைச் சொன்னதும், "சின்ன வயசிலேர்ந்து கேக்கேன், அது யாருன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிய" என்றான். கறுப்பு வெள்ளைத் தொடர், தொப்பிக்காரர்கள், சிகாகோ, பீப்பாய், கோடாலி என்று நினைவில் இருந்ததைச் சொன்னேன். அவன் தன் டேப்லெட்டை நான்கு நிமிஷம் தடவிவிட்டு, "இதுவா பாருங்க தாத்தா" என்று நீட்டினான்.

முடிதிருத்தும் கடை. சாய்வு நாற்காலியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஒரு குண்டு மனிதர். பார்த்த மாத்திரத்தில் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. என் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பதை முடிவு செய்த குண்டு மனிதர் அவர். நாற்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகும் இளைக்காமல் அப்படியே இருக்கிறார்.

பேரன் டேப்லெட்டை எங்களிடமே விட்டுவிட்டுப் போனான். நாங்கள் அதை எப்போது பார்த்தோம் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் நடந்தது உங்களுக்குத் தெரியவேண்டும்.

சுண்ணாம்பு சேர்ந்த பதநீருக்கு ஒரு வாசனை உண்டு. புதிதாக வெள்ளையடித்த அறையில் உட்கார்ந்து யாரோ கருப்பட்டி உடைக்கிற மாதிரி. அந்த வாசனை வந்தால் எனக்குப் பாளையங்கோட்டையில் ஆவுடையப்பன் வீட்டுக் கூடம்தான் நினைவுக்கு வரும். அந்த வீட்டின் முன்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். இருபத்தேழு வயது. தாலுகா ஆபீஸில் பட்டா பிரிவில் இளநிலை உதவியாளர். ஆவுடையப்பன் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எதையும் அளப்பவர், நான் எதையும் எண்ணுபவன். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகும் என்பது என் கணக்கு. அவருடைய இரண்டாவது மகள்தான் பிரமு. அதுவும் என் கணக்கில் இருந்தது.

அந்தத் தெருவில் அவர் வீட்டில் மட்டும்தான் டி.வி. உண்டு. சென்னைத் தொலைக்காட்சி அப்போது எங்கள் பக்கம் எட்டவில்லை. எட்டியது இலங்கைத் தொலைக்காட்சி. உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். எங்களுக்கு மாநிலத் தலைநகர் தெரியாது, கடல் தாண்டிக் கொழும்பு தெரியும். அதற்கு மாடியில் நாற்பதடிக் கம்பம் நட்டு, உச்சியில் மீன் முள் மாதிரி ஆண்டெனா மாட்ட வேண்டும். பாளையங்கோட்டையில் அப்போது பதினான்கு ஆண்டெனாக்கள். பதினான்கும் திருச்செந்தூர்ப் பக்கம் திரும்பி நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் முருகனைக் கும்பிடுகிற மாதிரி இருக்கும். ஆவுடையப்பன் சர்வேயர் அல்லவா? திசைகாட்டி வைத்துப் பார்த்து, கம்பத்திலும் அது நிற்கிற சுவரிலும் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தார். இரண்டு கோடும் நேராக நின்றால் கொழும்பு.

ஆனால் காற்று கோட்டை மதிக்காது. அதனால் படம் ஓடுகிற நேரத்தில் மாடியில் ஒரு ஆள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். அந்த வேலை பிரமுவுடையது. வயசுப்பெண் கூடத்தில் அத்தனை பேருக்கு நடுவில் உட்காரக்கூடாது, ஆனால் மொட்டைமாடியில் ஆனிக் காற்றில் நாற்பதடிக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு தனியாக நிற்கலாம். இது ஆவுடையப்பனின் நியாயம். காற்றில்லாத நேரத்தில் மாடிப்படியின் பத்தொன்பதாவது படியில், அதாவது கடைசிப் படியில், உட்கார்ந்துகொள்வாள். அங்கிருந்து படம் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு அந்த இங்கிலீஷ் தொடர் வரும். முதல் வியாழக்கிழமை கூடத்தில் முப்பத்தேழு பேர். வாசலில் முப்பது ஜோடிச் செருப்பும் ஒரு ஒற்றைச் செருப்பும். அந்த ஒற்றை யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. படத்தில் எல்லாரும் வேகமாக, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்கள். ஐந்து நிமிஷம் பொறுத்துவிட்டு ஆவுடையப்பன் என் பக்கம் திரும்பினார்.

"என்னவே சொல்லுதான் அவன்? நீரு டிகிரி முடிச்சவருதானே? எங்களுக்கும் வெளங்கும்படியாச் சொல்லும்."

என் இங்கிலீஷ் ஆபீஸ் இங்கிலீஷ். மேற்கண்ட பொருள் தொடர்பாகப் பார்வையில் கண்ட கடிதத்தின்படி என்று நாலு பக்கம் எழுதச் சொன்னால் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவேன். ஆனால் சிகாகோவில் யாரும் பார்வையில் கண்ட கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒரு வார்த்தை விளங்கவில்லை. மாடிப்படி இருந்த திசையை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். இந்த இடத்தில் தெரியாது என்று சொல்ல என்னால் முடியவில்லை.

"நிலத் தகராறு" என்றேன்.

பட்டா பிரிவுக்காரன் வேறு என்ன சொல்வான்? தொப்பிக்காரர் தாசில்தார் மாதிரி ஒரு அதிகாரி, குண்டு மனிதர் நிலத்தை வளைத்துப் போட்டவர் என்று வைத்தேன். ஆவுடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"எல்லைத் தகராறா? அளந்து கல்லப் போட்டா முடிஞ்சு போச்சு. இதுக்கா சுடுதான்?"

"சர்வேயர் இன்னும் வரல, அண்ணாச்சி."

"அதான பாத்தேன். சர்வேயர் இல்லாத ஊரு வெளங்குமா?"

அப்போதுதான் அந்தக் கோடாலி வந்தது. தொப்பிக்காரரும் அவருடைய நான்கு ஆட்களும் ஒரு கிடங்கின் கதவை உடைத்துக்கொண்டு போய், அடுக்கி வைத்திருந்த பீப்பாய்களை வெட்டிப் பிளந்தார்கள். ஏதோ தண்ணீராகக் கொட்டியது. என் பக்கத்தில் செல்லத்துரை அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். உடன்குடிக்காரர், எங்கள் தெருமுனையில் கருப்பட்டி மண்டி வைத்திருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தாலே பல் இனிக்கும். "எதுக்குத் தம்பி உடைக்கான்?" என்று கேட்டார்.

சாராயம் என்று இன்றைக்குக் குழந்தைகூடச் சொல்லும். அன்றைக்கு எங்கள் முப்பத்தேழு பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. வெள்ளைக்காரன் நாட்டில் மதுவிலக்கா? நம் ஊரில் மதுவிலக்கு இருந்தபோதே வெள்ளைக்காரன் என்றால் கேள்வி கேட்காமல் பெர்மிட் கொடுத்தார்கள். அவன் ஊரில் அவனுக்கே தடை என்று யார் நினைப்பார்கள்? செல்லத்துரை அண்ணாச்சியே கைகொடுத்தார்.

"பதனியா இருக்குமோ? சுண்ணாம்பு தடவாம விட்டிருப்பான்."

எங்கள் பக்கத்து விஷயம் இது, சொல்லிவிடுகிறேன். பனையில் கட்டுகிற கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். மதுவிலக்கு இருந்த காலத்தில் அதிகாரிகள் மரத்தடிக்கே வந்து கலயத்துக்குள் விரல் விட்டுப் பார்ப்பார்கள். விரலில் வெள்ளை ஒட்டவில்லை என்றால் கலயத்தை அங்கேயே போட்டு உடைப்பார்கள். செல்லத்துரை அண்ணாச்சி கண்ணெதிரே பல கலயங்கள் உடைந்திருக்கின்றன.

"அதேதான் அண்ணாச்சி" என்றேன். "சுண்ணாம்பு தடவல. அதான் உடைக்கான்."

கூடம் முழுக்க ஆ என்றது. எல்லாம் பொருந்திவிட்டது. தகராறில் இருப்பது பனங்காடு, எல்லை தெரியாததால் அடுத்தவன் மரத்தில் கலயம் கட்டுகிறார்கள், அதிலும் சுண்ணாம்பு தடவாமல் கட்டுகிறார்கள். இதற்குச் சுடாமல் என்ன செய்வார்கள்? அடுத்த வாரம் வந்த கதையையும், அதற்கடுத்த வாரக் கதையையும் அந்தப் பனங்காட்டிலேயே நடத்தினேன். ஒன்றில் மட்டும் நான் பொய் சொல்லவில்லை. செத்தவர்களைச் சரியாக எண்ணிச் சொன்னேன்.

மூன்றாவது வாரம் ஒரு துணிச்சல் வந்தது. தெருவே ஆவுடையப்பனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். அண்ணாச்சியின் மகளைக் கட்டிக்கொள்ள முடியாது என்பது எனக்கு இரண்டு வாரமாக உறுத்திக்கொண்டே இருந்தது. படம் தொடங்கியதும், "சத்தத்தக் கூட்டட்டுமா, மாமா?" என்றேன். துப்பாக்கி வெடித்தால்கூடக் கூடம் அப்படி அடங்காது.

"என்னவே, போன வாரம் வரைக்கும் அண்ணாச்சி, இந்த வாரம் மாமாவா? நடுவுல என்ன நடந்துச்சு?" என்றார் ஆவுடையப்பன்.

"ஒண்ணும் நடக்கல. நடக்கட்டும்னுதான் கூப்பிடுதாரு" என்றார் செல்லத்துரை அண்ணாச்சி.

ஐந்தாவது வாரம் படம் முடிந்து செருப்புகள் எல்லாம் போன பிறகு, ஆவுடையப்பன் என்னை நிறுத்தினார். மதுரையிலிருந்து ஒரு பேங்க் மாப்பிள்ளை வீட்டார் பிரமுவைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றார்.

"நான் ஒளிச்சுப் பேச மாட்டேன். மூத்த மருமகன் பம்பாய்ல இங்கிலீஷ்லயே கனவு காணுதாரு. ரெண்டாவது மருமகனும் அதுக்குக் கொறையக் கூடாது. உம்ம இங்கிலீஷ் எனக்குத் திருப்திதான். ஆனா அளந்தவன் ஒருத்தன்னா சரிபாக்க இன்னொருத்தன் வேணும்லா? வார வியாழக்கிழமை எங்க மச்சினரு வாராரு. கொழும்புல வெள்ளக்காரன் கம்பெனியில இருபத்திரண்டு வருசம் இருந்தவரு. பக்கத்துல உக்காந்து கேப்பாரு. நீரு சொல்லுதது சரின்னுட்டாருன்னா ஆவணியில கல்யாணம். இல்லன்னா மதுரைதான்."

அந்த ஒரு வாரம் நான் தூங்கிய நேரம் மொத்தம் பத்தொன்பது மணி. ஆபீஸில் மூன்று பட்டாவை மூன்று தப்பான ஆட்களுக்கு எழுதிவிட்டு, கையெழுத்துக்குப் போகும் முன் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். மேல் அதிகாரி, "என்னவே, காதலா?" என்றார். "இங்கிலீஷ் சார்" என்றேன்.

வியாழக்கிழமை வந்தது. கொழும்பு மாமா சங்கரலிங்கமும் வந்தார். வெள்ளை முழுக்கால் சட்டை, இடுப்பில் பெல்ட், பையில் இரண்டு பேனா. பிரம்பு நாற்காலியை என் நாற்காலிக்கு ஒட்டிப் போட்டார்கள். அவருடைய காதுக்கும் என் வாய்க்கும் நடுவில் ஒன்றே கால் அடி. சர்வேயர் வீட்டில் இருந்து இருந்து எனக்கும் அளக்க வந்துவிட்டது. பிரமு மாடிக்குப் போகும்போது கூடத்தைத் தாண்டித்தான் போனாள். என்னைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. நான் தரையில் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

முடிதிருத்தும் கடை. குண்டு மனிதர். சோப்பு நுரை. கத்தியைப் பிடித்திருந்தவன் குனிந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அந்த நொடியில் படம் முழுக்க எறும்பு மொய்த்த மாதிரி புள்ளி புள்ளியாகி, சத்தம் ஸ்ஸ் என்று இரைந்தது.

"தெரியல!" என்று முப்பத்தேழு பேரும் மாடியைப் பார்த்துக் கத்தினார்கள்.

"காக்கா!" என்று மேலிருந்து குரல் வந்தது. விரட்டுகிற சத்தம் கேட்டது. படம் திரும்பி வந்தபோது கத்திக்காரன் பேசி முடித்திருந்தான்.

"என்ன சொன்னான்?" என்றார் ஆவுடையப்பன்.

"கேக்கலியே மாமா!" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு வாக்கியம் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை விளக்குவது கஷ்டம். கார்கள் சீறிக்கொண்டு வந்தால் படம் தெளிவாக இருக்கும். துப்பாக்கி வெடித்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒருவன் ஒருவனைப் பார்த்து வாயைத் திறந்தால் எறும்பு மொய்க்கும். "தெரியல!" என்று கூடம் கத்தும். "காத்து!" என்று மேலிருந்து பதில் வரும். ஆனிக் காற்று வேறு அன்றைக்கு நிஜமாகவே அடித்தது, யாரும் சந்தேகப்பட வழியில்லை. வெடிக்கிற இடங்களில் நான் அடக்கத்தோடு "ஒன்பது... பத்து..." என்று எண்ணினேன். கொழும்பு மாமா தலையை ஆட்டினார். எண்ணிக்கையில் அவர் குறை சொல்ல முடியாது.

ஆறாவது தடவை படம் கலங்கியதும் ஆவுடையப்பன் பொறுமை இழந்து எழுந்து மாடிக்குப் போனார். பத்தொன்பது படியும் கேட்டது. மேலே அவர் குரல்: "கோடு நேராத்தான நிக்கு? பெறவு ஏன் தெரிய மாட்டேங்கு?" பிரமுவின் குரல்: "அடிக்கும்போது அசையுதுப்பா. நின்னா சரியாயிருது." அவர்: "கைய விட்டுராத. கெட்டியாப் புடிச்சுக்கோ." இறங்கி வந்து, "பிள்ள பாவம், கை காச்சுப் போச்சு" என்றார்.

பிறகு கோடாலிக் கட்டம். தெளிவாக வந்தது. பீப்பாய்கள் பிளந்தன. கொழும்பு மாமா முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"அதுல என்ன இருக்கு?"

நான் சொல்லும் முன் கூடமே சொன்னது: "சுண்ணாம்பு தடவாத பதனி."

கொழும்பு மாமா என்னைப் பார்த்தார். "அமெரிக்காவுல பனை ஏது?"

முடிந்தது என்று நினைத்தேன். மதுரை பேங்க் மாப்பிள்ளை மாலையோடு வாசலில் நிற்பது போலவே தெரிந்தது. ஆனால் செல்லத்துரை அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. பனையைப் பற்றி அவர் முன்னால் அப்படிப் பேசக்கூடாது.

"ஏன், அங்கன மண்ணு இல்லியா? வெயில் இல்லியா? நீரு அமெரிக்கா போயிருக்கீராவே?"

"போனதில்ல..."

"கொழும்பு வரைக்கும் போய்ட்டு வந்துட்டு அமெரிக்காவுல பனை இல்லங்கேரே. அஞ்சு வாரமா நாங்க பாத்துட்டிருக்கோம். நீரு இன்னைக்குத்தான் வந்திருக்கேரு."

கொழும்பு மாமா பையிலிருந்த இரண்டு பேனாவையும் சரிசெய்துகொண்டார்.

கடைசிக் கட்டம். தொப்பிக்காரரும் குண்டு மனிதரும் ஒரு மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். "இதுதான் முக்கியமான இடம். எல்லாரும் வாய மூடுங்க" என்றார் ஆவுடையப்பன். முப்பத்தேழு பேரும் மூச்சைப் பிடித்தார்கள். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எறும்பு மொய்த்தது. இந்தத் தடவை விலகவே இல்லை. ஸ்ஸ் என்ற இரைச்சலிலேயே கதை முடிந்து, எழுத்துகள் ஓடும்போது படம் பளிச்சென்று வந்தது.

ஆவுடையப்பன் திரும்பினார். "எப்படி மச்சான், இவரு சொன்னது சரிதானா?"

கொழும்பு மாமா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "கேட்ட மட்டுக்கும் சரிதான்" என்றார்.

கேட்ட மட்டும் என்பது இருபத்து மூன்று துப்பாக்கிச் சத்தம்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பதினேழாம் நாள் வாசலில் பதநீர் வந்தது, பிரமு தம்ளரைத் தூக்கிப் பிடித்து அந்த வாக்கியத்தைச் சொன்னாள். எனக்குப் புரையேறியது. இருமி முடிக்கும்வரை காத்திருந்து சொன்னாள். அவள் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள், பிறகு காலேஜில் பி.ஏ. இங்கிலீஷ். எனக்குத் தெரியும், ஆவுடையப்பனுக்கும் தெரியும். ஆனால் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் யார் என்று தேடியபோது எங்கள் இரண்டு பேருக்குமே அது நினைவுக்கு வரவில்லை. தெரிந்த ஒரே ஆளை மேலே அனுப்பிக் கம்பத்தைப் பிடிக்கச் சொல்லியிருந்தோம். பத்தொன்பதாவது படியில் ஐந்து வாரம் தாவணி நுனியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்திருக்கிறாள்.

"ஆறாவது வாரம் எனக்கு ஒண்ணும் தோணல. முதல்ல அந்தக் காக்கா வந்து உக்காந்துச்சு. அத வெரட்டிட்டு நிக்கேன், கீழ இருந்து 'கேக்கலியே மாமா'ன்னு நீங்க கத்துதீய. அந்தக் குரலக் கேட்டதும் யோசனை வந்துட்டு. பெறவு பேச்சு வாரப்பல்லாம் கம்பத்தப் பையத் திருப்பினேன்."

"எதுக்கு?" என்றேன்.

"மதுரைக்காரரு என்னப் பாக்க வந்தாரு. முக்கா மணி நேரம் உக்காந்து அப்பாகிட்டயே பேசிட்டுப் போயிட்டாரு. நீங்க வாரா வாரம் முக்கா மணி நேரம் எனக்காகப் பொய் சொன்னீய. அதுவும் இவ்வளவு மோசமா."

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அன்று படம் கலங்கியது பதினோரு தடவை. நான் எண்ணினேன். அவள் பத்து என்கிறாள். "பத்துதான் நான். ஒண்ணு காக்கா." காக்காவையும் சேர்த்துத்தானே கணக்கு என்றால், "காக்காவா உங்களக் கட்டிக்கிட்டுது?" என்பாள். நாற்பத்து மூன்று வருஷமாக இது தீரவில்லை.

நேற்று மத்தியானம் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். பிரமுவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. காதுக் கருவி குளவி மாதிரி இரைகிறது என்று டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். திரையின் அடியில் வசனம் எழுத்தாக ஓடியது. கண்புரை அறுவைக்குப் பிறகு பொடி எழுத்து அவளுக்குப் பிடிபடுவதில்லை. "என்ன சொல்லுதான்?" என்றாள். நான் படித்துப் படித்து அவள் காதருகே தமிழில் கத்தினேன். ஆயுளில் முதல் தடவையாக நான் சரியாகச் சொன்னேன். கத்திக்காரன் போலீஸுக்குத் துப்புக் கொடுப்பவன், அக்காள் ஊருக்குப் போய்விட ஆசைப்படுகிறான், போவதற்குள் சுட்டுவிடுகிறார்கள். பீப்பாயில் இருந்தது பீர்; அந்தக் காலத்தில் அமெரிக்காவிலும் மதுவிலக்காம். துப்பாக்கிச் சத்தம் இருபத்து நான்கு. ஒன்றை எறும்பு மொய்த்த நேரத்தில் தவற விட்டிருக்கிறேன்.

கடைசி மேஜைக் கட்டம் வந்தது. தொப்பிக்காரர், "உன்னைச் சிறையில் போடாமல் விடமாட்டேன்" என்கிறார். குண்டு மனிதர், "முடிந்தால் செய்" என்கிறார். "செய்வேன்" என்கிறார் தொப்பிக்காரர். அவ்வளவுதான். எட்டாம் வகுப்பு இங்கிலீஷ்.

"இதை நானே சொல்லியிருப்பேனே, பிரமு!"

"என்னது?"

"நானே சொல்லியிருப்பேன்!"

"நீங்களா? அஞ்சு வாரம் கேட்டவ நான்" என்றாள். பிறகு சலித்துக்கொண்டாள். "இதுல பனையே இல்லையே. செல்லத்துரை அண்ணாச்சி இருந்தா மனசு ஒடஞ்சிருப்பாவ."

செல்லத்துரை அண்ணாச்சி இல்லை. ஆவுடையப்பன் இல்லை, கொழும்பு மாமா இல்லை. அந்த முப்பத்தேழு பேரில் இன்று இருப்பவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர், அதில் ஒருவன் நான். மாடியில் நின்றவளை அன்று நான் எண்ணிக்கையில் சேர்க்கவே இல்லை. பத்தொன்பது படியும் சிவப்புக் கோடும் இருந்த இடத்தில் நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது, அதில் லிஃப்ட். முப்பத்தேழு பேர் சத்தத்துக்கு நடுவில் சிகாகோக்காரன் முணுமுணுப்பதைப் பத்தொன்பது படிக்கு மேலிருந்து கேட்ட காதும் இல்லை.

"அந்தக் கோடாலி இடத்துக்குப் போங்க" என்றாள். தள்ளினேன். தொப்பிக்காரரின் ஆட்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுத்தைப் படிக்கக் குனிந்தேன். பிரமு மடியிலிருந்த டேப்லெட்டைப் பையத் திருப்பினாள். திரையில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து எல்லாம் வெள்ளையாகிவிட்டது.

"தெரியுதா?" என்றாள்.

"தெரியல."

"இதோட பதினொண்ணு. கணக்கு நேராப் போச்சா? இப்பச் சொல்லுங்க, எதுக்கு உடைக்கான்?"

"சுண்ணாம்பு தடவல."

"கேக்கல."

"சுண்ணாம்பு தடவல! அதான் உடைக்கான்!"

எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. பிரமு முந்தானை நுனியை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கிருந்து பார்த்தால் மாடிகள் தெரியும். தண்ணீர்த் தொட்டி இருபத்தாறு, குடை மாதிரி டிஷ் ஒன்பது. திருச்செந்தூரைப் பார்த்து நிற்க ஒரு ஆண்டெனா இல்லை. காக்கா ஒன்று இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, உட்காரக் கம்பி கிடைக்காமல், தொட்டி மூடியில் இறங்கியது.